ஞாயிறு மட்டும்தான் லீவு, கையில் 300 ரூபாய்: குடும்பத்தோடு ஒகேனக்கல் போகலாமா?

300 ரூபாயில் அப்பா, அம்மா, தங்கச்சி, நீங்கள் என நாலு பேருக்கு ஒகேனக்கல் வேண்டாம் தம்பி. கிருஷ்ணகிரி டவுனிலேயே இருக்கிறீர்கள், பக்கத்திலிருக்கும் கே.ஆர்.பி. அணைக்கு (கிருஷ்ணகிரி அணை) போங்கள். அரை நாள் போதும், சாயங்காலம் திரும்பிவந்து திங்கட்கிழமை டெஸ்டுக்கும் படிக்கலாம்.

போன தடவை ஒகேனக்கல் போனபோது பணம் எங்கே போனதென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் பரிசலும் மீன் சாப்பாடும்தான் விழுங்கியிருக்கும், பஸ் அல்ல. அதனால் மதியத்துக்கு வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். அணைப் பக்கம் வறுத்த மீன் வாசனை ஆளை இழுக்கும்; ஒரு தட்டு வாங்கி நாலு பேரும் பிய்த்துத் தின்றால் அதுவே விருந்து. பூங்காவில் அப்பாவை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, போனைப் பையில் போட்டுவிடுங்கள். (இதுதான் கஷ்டம்.)

கிளம்பும் முன் பஸ் ஸ்டாண்டில் ஒன்று பாருங்கள்: அரசு டவுன் பஸ்தானா? 2021 முதல் சாதாரண கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மா, தங்கச்சி செலவு மிச்சம். தனியார் பஸ்ஸிலும் புறநகர் பஸ்ஸிலும் இது செல்லாது. திரும்பும் பஸ் நேரத்தையும் கண்டக்டரிடமே கேட்டுவையுங்கள்.

ஒகேனக்கல்தான் வேண்டும் என்று தங்கச்சி அடம்பிடித்தால், காவிரியில் நீர்வரத்து கூடியிருக்கிறதா என்று முதலில் செய்தி பாருங்கள். வெள்ளம் வந்தால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள்.