பள்ளியை விட்டாச்சு, பதற்றம் விடவில்லை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு, ஒரு வருடமாக அன்ஸ்கூலிங் முறையில், அதாவது பாடத்திட்டம் இல்லாமல் அவன் ஆர்வப்படி கற்கவிட்டு, வீட்டில் வைத்திருக்கிறோம். கணவரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவுதான். ஆனால் எதிர்பார்த்த நிதானம் எனக்கு வரவில்லை. போன வாரம் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில், அவன் பின்கட்டில் மோட்டாரைப் போட்டு வாழைக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். "இதுக்காடா ஸ்கூல்ல இருந்து நிறுத்தினோம்?" என்று கத்திவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல், அன்று முழுக்க அவன் கேட்டபோதெல்லாம் போனைக் கொடுத்தேன். மாமனார் வேறு தினமும் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்கிறார். என்ன செய்யலாம்? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: தண்ணீர்தான் பிரச்சினை என்றால் "மோட்டாரை நிறுத்துடா" என்று சொல்லியிருப்பீர்கள். வந்து விழுந்ததோ பள்ளிக்கூடம். 'நாளைக்கு இவன் பத்தாவதே எழுத முடியாமல் போய்விட்டால்?' என்ற பயம் உள்ளே இருந்திருக்கிறது. குக்கர் சத்தத்தில் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பயத்துக்குத் தனியாக ஒரு நேரம் ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, கணவரோடு உட்கார்ந்து சட்டம், தேர்வு, செலவு எல்லாம் பேசுங்கள். முதல் ஞாயிறுக்கு இது போதும்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனைப் பிரிவு இல்லை. வீட்டுக்கல்விக்கு வெளிப்படையான அனுமதியும் இல்லை. இது தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு. தேர்வைப் பொறுத்தவரை, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, சேர்க்கை ஐந்து வருடம் செல்லும். உங்கள் மகனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. வாய்க்கால் வெட்டிய அந்த அரை மணி நேரத்தில் ஒன்றும் முழுகிவிடாது.

சரி, அந்த நிமிடத்தில் என்ன செய்வது? வாயைத் திறக்கும் முன் இரண்டு வழிகளையாவது மனதில் கொண்டுவந்து, அதில் நல்லதை எடுங்கள். ஒன்று, கத்துவது. இன்னொன்று, அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் ஒரு நிமிடம் பார்ப்பது. மண் எங்கே கரைகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் முரண்டுபிடிக்கிறது என்று அவனே காட்டுவான். பிறகு கேளுங்கள்: "வாழைக்கு இவ்ளோ போதுமா? தொட்டி காலியாயிடுமே." முதல் சில வாரம் கத்திய பிறகுதான் இரண்டாவது வழி ஞாபகம் வரும். பரவாயில்லை, ஞாபகம் வந்ததே கணக்கில் சேரும். "கத்தியிருக்க வேண்டாம், சாரிடா" என்று சொல்லிவிட்டு அதோடு விடுங்கள்.

போன் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம். அன்று நீங்கள் கொடுத்தது அபராதம். அம்மா கத்தினால் மாலையில் போன் கிடைக்கும் என்று பிள்ளைகள் சீக்கிரம் கண்டுகொள்வார்கள். கொடுப்பதானால் சந்தோஷமாக இருக்கும் நாளில் கொடுங்கள், முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். அன்ஸ்கூலிங் என்ற சொல்லை 1977இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட், பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும் என்று சொல்லவில்லை. பள்ளிக்கு வெளியே, வாழ்க்கையோடு சேர்ந்து கற்பதைத்தான் பேசினார். அதற்குப் பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.

மாமனாரிடம் வாதாட வேண்டாம், வேலை கொடுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ முக்கால் யூனிட் இழுக்கும். "மாமா, இவன் வாய்க்காலுக்கு எவ்வளவு கரண்ட் போகுதுன்னு இவனோட சேர்ந்து பாருங்களேன்" என்று மீட்டர் பெட்டியிடம் அனுப்பிவிடுங்கள். மோட்டார் போடும் முன் ஒரு ரீடிங், நிறுத்திய பின் ஒரு ரீடிங், ஒரு பழைய டைரியில் தேதி போட்டு. கழித்தல் கணக்கும் தானாக வரும். "என்ன படிச்சே?" என்று கேட்க அவருக்கே தோன்றாது, இருவரும் சேர்ந்துதானே எழுதினார்கள்.

இன்னொன்று. திறந்தநிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு வயதுச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். நிறைய வீடுகளில் அது பெயர் இல்லாமலேயே பீரோவில் கிடக்கும்.