கல்லறைக்குப் போனது எத்தனை பெண்கள்?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பதினோரு வருடமாகப் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் உயிர்த்தெழுதல் பாடம். பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் எழுந்து, "கல்லறைக்குப் போனது எத்தனை பெண்கள் டீச்சர்? மத்தேயுல ரெண்டு பேர், மாற்குல மூணு பேர், யோவான்ல ஒருத்தர்தான்" என்றான். யூடியூபில் பார்த்தானாம். எனக்குப் பதில் வரவில்லை. "விசுவாசத்தோடு வாசித்தால் புரியும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அவன் வருவதில்லை. இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைக்கலாம் என்கிறார் போதகர். அது போதுமா அண்ணன்?

ஜெ., நாகர்கோவில்

அன்புள்ள ஜெ.,

முதலில் அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். "நீ கேட்டது நல்ல கேள்வி, எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை" என்று அவன் அம்மா அப்பா முன்னால் சொல்லுங்கள். யூடியூபில் கேட்டிருந்தாலும் நாலு சுவிசேஷத்திலும் என்ன இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். உங்கள் வகுப்பில் வேறு எத்தனை பேர் அதைச் செய்திருப்பார்கள்?

மனப்பாடத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்திய லூத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசத்தைக் கேள்வியும் பதிலுமாகத்தான் எழுதினார். சாக்சனி கிராமங்களில் ஜனங்களுக்குப் பத்துக் கட்டளைகூடத் தெரியவில்லை என்று நேரில் பார்த்துவிட்டு வந்து எழுதியது அது. நாம் எதை விசுவாசிக்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த முறை இன்றைக்கும் நல்லது. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து திருப்பிக் கேட்கும்போது அது ஒரு கேள்விக்கு மேல் தாங்காது. பதிலை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். வகுப்பை நாலாகப் பிரியுங்கள். மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 20 என்று ஆளுக்கொரு அதிகாரம். யார் போனார்கள், எப்போது, யாரைப் பார்த்தார்கள், யாரிடம் போய்ச் சொன்னார்கள் என்று சார்ட் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். நாலு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். அப்புறம் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

எங்கள் வகுப்பில் வித்தியாசங்களை எல்லாம் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டுக்கொண்டே போனார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி யோவான் 20:2இல் நின்றுவிட்டாள். மகதலேனா மரியாள் பேதுருவிடம் ஓடிவந்து, "அவரை வைத்த இடம் எங்களுக்குத் தெரியவில்லை" என்கிறாள். "அண்ணே, தனியா போயிருந்தா எப்படி 'எங்களுக்கு'ன்னு சொல்லுவா?" அந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், பிரசங்கமும் பண்ணியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை என் கண்ணில் பட்டதே இல்லை. யோவான் ஒருத்தியின் பெயரைச் சொல்கிறார், ஒருத்திதான் போனாள் என்று சொல்லவில்லை. இதை நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் அடுத்த வாரமே மறந்திருப்பார்கள். அவளே கண்டுபிடித்ததால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசலாம். பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். கதை கட்டுகிறவன் முதல் சாட்சியாகப் பெண்களை ஏன் நிறுத்துவான் என்று கேளுங்கள், அவர்களே வாதாடட்டும். லூக்காவில் பிரகாசமான வஸ்திரத்தோடு இரண்டு பேர், மாற்கில் ஒரே ஒரு வாலிபன். இதற்கு எனக்கு முழுத் திருப்தியான விளக்கம் கிடையாது. அதையும் வகுப்பிலேயே சொல்லுகிறேன். மாற்கு 16ஆம் அதிகாரம், நம்மிடம் உள்ள மிகப் பழைய நாலாம் நூற்றாண்டுப் பிரதிகளான சினாய்த்திக்கஸ், வத்திக்கானஸ் இரண்டிலும் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது; நாம் வாசிக்கிற மீதி வசனங்கள் அவற்றில் இல்லை. இதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை, நாளைக்கு அதையே வேறொருவர் வெடிகுண்டு மாதிரி தூக்கிப் போட்டால் பதறாது.

போதகர் ஐயாவிடம் 1 பேதுரு 3:15ஐ ஒருதரம் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்லச் சொல்கிறார் பேதுரு. கேட்கிற ஆள் அங்கே முதலில் வந்துவிடுகிறார். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிறகு இந்த ஊர்க்காரர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். அவர்கள் எழுதிய பதில்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரத்துக்குப் போய் அச்சாயின. உங்கள் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நம்புகிறார் என்று அவரிடமே கேட்டுவிட்டு வந்து, அவர் தலையாட்டுகிற மாதிரி வகுப்பில் சொல்லிக்காட்டட்டும். மறுப்பெல்லாம் அப்புறம்.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இரண்டு வாரம் கழித்து என் வகுப்பில் ஒரு பையன், "ஆண்டவர் பார்த்துக்கிட்டுதானே இருந்தார்?" என்று கேட்டான். குளச்சலில் அவன் சித்தப்பா குடும்பத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. மனித சுயாதீனம், பாவத்தால் கெட்டுப்போன சிருஷ்டி என்று இருபது நிமிடம் விளக்கினேன். அவன் கையில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரல் இருந்தது. அதைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டே இருந்தான். 88ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சங்கீதம் கடைசி வரியிலும் ஆறுதல் சொல்லாது. வேதம் அதை அப்படியே வைத்திருக்கிறது.

உங்கள் பையன் கேட்டது அந்த வகைக் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் போய்ப் பேசிப் பாருங்கள். வருகிற ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். சார்ட் பேப்பரையும் கையோடு கொண்டுபோங்கள்.

அன்புடன்,
அண்ணன்