துருப்பிடித்த பாலத்தூணின் நிலநடுக்கத் தாங்குதிறன்: மறுமொழி

வணக்கம். உவர்க்கழியில் நிற்கும் பாலத்தூண்களில் 25 மி.மீ. முதன்மைக் கம்பிகள் (தூணின் நீளவாக்கில் நிற்பவை) 15 விழுக்காடு தேய்ந்திருப்பதாகவும், அதைக் கழித்துக் கணக்கிட்டும் வளைவு வலிமை பெரிதாகக் குறையவில்லை என்றும், நிலநடுக்கத்துக்கு இது போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கணக்கை மட்டும் நம்பிப் போதும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் விட்டுவிட்டது வளையக் கம்பிகளை, அதாவது முதன்மைக் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய மெல்லிய கம்பிகளை. அவை மேற்பரப்புக்கு நெருக்கமாக இருப்பதால் உப்புநீரிலிருந்து ஊடுருவித் துருவைத் தூண்டும் குளோரைடு முதலில் எட்டுவது அவற்றைத்தான். சுற்றிலும் 1 மி.மீ. அரித்தால் உங்கள் 25 மி.மீ. கம்பி 15 விழுக்காடு பரப்பை இழக்கும். அதே அரிப்பில் 8 மி.மீ. வளையம் 6 மி.மீ. ஆகி, ஏறக்குறைய 44 விழுக்காட்டை இழந்துவிடும். குழிக்குழியாக அரித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

நிலநடுக்கத்தில் தூணைக் காப்பது, முன்னும் பின்னும் ஆடும்போது உடையாமல் வளைந்துகொடுக்கும் திறன். உள்ளகக் கான்கிரீட்டை இறுக்கிப் பிடித்து, முதன்மைக் கம்பிகள் வெளியே பிதுங்காமல் தடுத்து அதைத் தருபவை வளையங்களே. அவை அறுந்தால், மெல்லத் தளரவேண்டிய தூண் வெட்டுவிசையில் (தூணைக் குறுக்காக அறுக்கும் விசை) சட்டென முறியும். ஜப்பானின் 1995 கோபே நிலநடுக்கத்தில் ஹான்ஷின் விரைவுச்சாலைத் தூண்கள் சாய்ந்தபோது, வளையங்கள் போதாமையும் ஒரு காரணம் (அங்கே துரு குற்றவாளி அல்ல). துருவோ நல்ல தூணையும் அந்த நிலைக்கு இறக்கிவிடும்.

ஆகவே அலை ஏறியிறங்கும் மட்டத்திலும் தூணின் அடியிலும் கம்பிகளை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டைத் தட்டித் திறந்து, துருவைச் சுரண்டியபின் வளையங்களின் விட்டத்தை அளந்து, வெட்டுவிசைத் திறனை மறுபடி கணக்கிடுங்கள்.