ஒரே முகமூடி, 64 படங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் புகைப்படக்காரர் ரால்ஃப் யூஜீன் மீட்யார்டின் ‘லூசிபெல் கிரேட்டரின் குடும்ப ஆல்பம்’ வரிசையைப் பார்த்துவிட்டு நானும் முகமூடி உருவப்படங்கள் எடுக்கத் தொடங்கினேன். நண்பர்கள் 14 பேர், ஆளுக்கு ஒரு முகமூடி. ரப்பர், பிளாஸ்டிக், காகிதக்கூழ் எல்லாம் உண்டு. பின்னால் கறுப்புத் துணி. 85 மி.மீ. லென்ஸ், எஃப் 2, அதாவது லென்ஸ் துளையை அகலத் திறந்து. கேமரா இரண்டு மீட்டர் தள்ளி, 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (துணிப்பெட்டி மாட்டிய ஃப்ளாஷ்) ஒன்றும் அதே தூரத்தில். எல்லாம் மார்பளவுப் படங்கள். தனித்தனியாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. வரிசையாக வைத்ததும் முகமூடிக் கடையின் விலைப்பட்டியல்போல் ஆகிவிட்டது. ரப்பர் நெற்றியில் வெள்ளைத் திட்டு, கண் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு, மூக்கு நுனி மங்கல். மீட்யார்டிடம் இருந்ததும் கடைச்சரக்கு முகமூடிதானே, அது மட்டும் எப்படி ஒரு மனுஷியாகத் தெரிகிறது? எல்லாவற்றையும் மறுபடி எடுக்கப்போகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

ச.

அன்புள்ள ச.,

விலைப்பட்டியல் என்று நீங்கள் சொன்னதிலேயே காரணமும் இருக்கிறது. 14 பேருக்கு 14 முகமூடி என்றால், பார்ப்பவர் ஒவ்வொரு படத்திலும் புதிய முகமூடியைத்தான் முதலில் ஆராய்வார். அதைப் பார்த்து முடித்ததும் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அணிந்திருக்கும் ஆள் வரைக்கும் அவர் வருவதே இல்லை. மார்பளவில் வெட்டிக் கறுப்புத் துணியும் கட்டியதால், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய கை, இடுப்பு, செருப்பு, நின்ற இடம் எல்லாம் போய்விட்டன. வெளிச்சமும் ஃபோகஸும் அதற்குப் பிறகுதான்.

மீட்யார்ட் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரத்துக்காரர். பிழைப்பு மூக்குக்கண்ணாடித் தொழில். 1950இல் மகன் பிறந்தபோது அவனைப் படமெடுக்கத்தான் முதல் கேமராவை வாங்கினார். 1972இல் புற்றுநோயால் இறந்தார். நீங்கள் பார்த்த வரிசை புத்தகமாக வந்தது 1974இல். அதன் அமைப்பைக் கவனியுங்கள். 64 படங்கள். படத்துக்கு இரண்டு பேர். ஒருவர் அவருடைய மனைவி மேடலின், எப்போதும் அதே கோரக் கிழவி முகமூடியில். பக்கத்தில் நிற்பவர் படத்துக்குப் படம் வேறு ஆள், ஆனால் அவர் அணிவதும் ஒரே முகமூடிதான்: லேசாக ஒளி ஊடுருவும் ஒரு வயதான முகம். படக்குறிப்பில் இரண்டு பேருக்கும் லூசிபெல் கிரேட்டர் என்றே பெயர். இன்னாருக்கு இன்னார் என்ற உறவு மட்டும் மாறும். அமெரிக்க எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானரின் சிறுகதை ஒன்றில் தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயரைச் சற்று மாற்றித்தான் மீட்யார்ட் எடுத்துக்கொண்டார்.

முதல் ஐந்தாறு படங்களில் கிழவியின் முகத்தைப் பார்த்து முடித்துவிடுகிறோம். அது இனி மாறாது என்று தெரிந்ததும் கண் கீழே இறங்குகிறது. இந்த ஆள் எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறார், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் எங்கே வைத்திருக்கிறார், பக்கத்தில் இருப்பவரோடு எவ்வளவு நெருங்கி நிற்கிறார் என்றெல்லாம் படிக்க ஆரம்பிக்கிறோம். சுருங்கிய கிழட்டு முகத்துக்குக் கீழே இளம் கழுத்து வந்தால் திடுக்கிடுகிறோம். கடைசியில், திராட்சைப் பந்தலின் கீழ் எடுத்த படத்தில், மீட்யார்டும் மேடலினும் உடையையும் முகமூடியையும் மாற்றிக்கொள்கிறார்கள். மற்ற படங்களில் மேடலின் உடம்பு எப்படி நிற்கும் என்று பழகிய கண்ணுக்கு இங்கே ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும். முகம் தெரியாமலேயே ஒருவரை அறிந்திருக்கிறோம் என்று அங்கேதான் நமக்குத் தெரிகிறது. என்னைப் பொறுத்தவரை உருவப்படக் கலையில் இதற்கு ஈடான இடங்கள் மிகக் குறைவு.

ஆகவே உங்கள் 14 முகமூடியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணியை மடித்து வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலிலோ வேலை செய்யும் இடத்திலோ முழு உயரத்தில் எடுங்கள். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டு, கேமராவை நெட்டாகப் பிடித்தால் மூன்று மீட்டர் தூரத்தில் சுமார் 2.1 மீட்டர் உயரமும் 1.4 மீட்டர் அகலமும் அடங்கும். இரண்டு பேருக்குத் தாராளம். லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் ஏறத்தாழ 2.3 மீட்டரிலிருந்து 4.2 மீட்டர் வரை கூர்மையாக வரும். பின்னாலிருக்கும் கதவும் கொடிக்கயிறும் படிக்கக் கிடைக்கும். கேமரா ஆளின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் இருக்கட்டும். கண் உயரத்திலிருந்து முழு உருவம் எடுக்கக் கேமராவைக் கீழே சாய்க்கவேண்டி வரும். சாய்த்தால் தலை பெருத்துக் கால் சிறுக்கும். முகமூடி ஏற்கெனவே தலையைப் பெரிதாக்கியிருக்கிறது, இதையும் சேர்த்தால் பொம்மைதான்.

மூக்கு நுனி ஏன் மங்கியது? 85 மி.மீ., எஃப் 2, இரண்டு மீட்டர் என்றால் கூர்மையாக வருகிற ஆழம் மொத்தமே ஆறரை செ.மீ. ஃபோகஸ் கண்ணில் இருந்தால் அதில் பாதிதான் முன்பக்கத்துக்கு. ரப்பர் மூக்கு அதைத் தாண்டி நீளும். அதே தூரத்தில் எஃப் 8 என்றால் 26 செ.மீ. வரை கிடைக்கும். கண்ணைத் தானாகத் தேடும் ஃபோகஸை அணைத்துவிடுங்கள். முகமூடியைச் சில நேரம் முகம் என்றே கேமரா ஒப்புக்கொள்ளாது, சில நேரம் வரைந்த கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒற்றைப் புள்ளியைக் கண் துளையின் விளிம்பில் வைத்துப் பூட்டுவதுதான் நம்பகமானது.

வெள்ளைத் திட்டு ரப்பரின் குற்றம் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் விளக்கின் குற்றம். வளைந்த நெற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கோ ஓரிடத்தில் விளக்கைக் கண்ணாடிபோல் காட்டத்தான் செய்யும். 60 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் இரண்டு மீட்டர் தூரத்தில் சின்ன விளக்கு. ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே எக்ஸ்போஷருக்கு (படத்தில் பதியும் ஒளியின் அளவுக்கு) ஃப்ளாஷின் சக்தி கால்பங்கு போதும். திட்டு அகலமாகும், ஆனால் அதன் பிரகாசமும் ஏறத்தாழ கால்பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் இறங்கும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் ஒளி பாதி, ஏறினால் இரட்டிப்பு). மிச்சத்துக்கு நிறமில்லாத முகப் பவுடரைத் தூரிகையால் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ரப்பரின்மேல் மேட் வார்னிஷ் அடிக்காதீர்கள், மடியும் இடத்தில் வெடித்து உரியும். காகிதக்கூழ் முகமூடிக்கு அது சரி. பளபளப்பை அடக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரைப் பலர் சொல்வார்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்னும். வளைந்த பரப்பில் ஒரு கோணத்துப் பளபளப்பை மட்டும் அடக்கி அடுத்ததை விட்டுவிடும். பளபளப்பு அறவே போனால் ரப்பர் களிமண்போல் செத்துத் தெரியும், அதனால் கொஞ்சம் இருக்கட்டும்.

கண் இருட்டுக்கு வருகிறேன். முகமூடி முகத்திலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி நிற்கிறது. மேலிருந்து வரும் ஒளியைத் துளையின் மேல்விளிம்பே மறைத்துவிடுகிறது. கண் தெரியவேண்டுமென்றால் ஒரு மீட்டர் நீள வெள்ளைத் தெர்மாகோல் பலகையை லென்ஸுக்குக் கீழே, ஆளின் இடுப்பு உயரத்தில் மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். துளையின் உள்விளிம்பைச் சாய்வாகச் சீவினால் இன்னும் ஒளி போகும். கண்ணைச் சுற்றித் தோல் வளையம் தெரிந்தால் முகமூடி ஒட்டாமல் நிற்கும். அங்கே கண்மையை அகலமாகத் தீட்டிவிட்டால் மறைந்துவிடும். ஆனால் இருட்டாகவே விடுவதும் முறைதான். ஒன்றைத் தீர்மானித்து 14 படத்திலும் அதையே கடைப்பிடியுங்கள். பாதிப் படங்களில் கண் தெரிந்து பாதியில் தெரியாவிட்டால், பார்ப்பவர் அதற்குள் ஒரு பொருளைத் தேடி அலைவார்.

மீட்யார்டைப்போல் படத்துக்கு இரண்டு பேரை நிறுத்துவதானால், ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி கிடைத்தால் இரண்டாவது ஆளுக்கு அதைக் கொடுங்கள். அந்த முகமூடியின் வித்தை இது: மூக்கு, கன்னமேடு என்று தோலைத் தொடும் இடங்களில் உள்ளே இருப்பவரின் நிறமும் வடிவமும் மேலே எழும்பும், விலகி நிற்கும் இடங்களில் மூடுபனியாகும். ஒரே முகமூடி ஆளுக்கு ஆள் வேறு முகமாகும். பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் இது நன்றாகத் தெரியும். கேமராவின் தலையிலிருந்து நேராக ஃப்ளாஷ் அடித்தால் வெறும் பிளாஸ்டிக் மினுக்கம்தான் மிஞ்சும்.

எக்ஸ்போஷரில் ஒன்று. வெள்ளை முகமூடியை, ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் அளந்தால் கேமரா அதைச் சாம்பல் ஆக்கிவிடும். அளந்ததற்குமேல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள்.

முகபாவம் என்று ஒன்று முகமூடிக்கும் உண்டு, அதைத் தருவது கழுத்து. ஜப்பானிய நோ நாடகத்தில் முகமூடியைச் சற்று மேலே தூக்குவதைத் ‘தெராசு’ என்பார்கள், ஒளிர்வது. கீழே தாழ்த்துவது ‘குமோராசு’, மேகம் மூடுவது. செதுக்கிய மரம் அசைவதில்லை, அதன்மேல் விழும் நிழல்தான் நகர்கிறது. ஒளி மேலிருந்து வரும்வரை உங்கள் ரப்பருக்கும் இது பொருந்தும். ஒவ்வொருவரிடமும் தாடை நேராக ஒன்று, பத்து டிகிரி தாழ்த்தி ஒன்று, பத்து டிகிரி உயர்த்தி ஒன்று எடுத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று கட்டாயம் யாரோ ஒருவராக இருக்கும்.

முகமூடி போட்டதும் ஆட்கள் நடிக்க ஆரம்பிப்பார்கள். கையை விரிப்பார்கள், கூன் போடுவார்கள். தடுக்கவேண்டாம், பத்துப் படம் எடுத்துக்கொண்டே இருங்கள், அலுத்து நிறுத்துவார்கள். பிறகு, கல்யாண வீட்டில் படமெடுக்க நிற்பதுபோல் நில்லுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உடம்பு தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பும். மீட்யார்டின் ஆட்கள் நிற்பதும் சாதாரணக் குடும்பப் படத்தில் நிற்பதுபோலத்தான்.

காகிதப்பை முகமூடிகளையும் யோசித்துப் பாருங்கள். ஓவியர் சால் ஸ்டைன்பெர்க் பழுப்புக் காகிதப் பைகளில் முகங்கள் வரைந்தார். அவற்றைத் தலையில் மாட்டிய நண்பர்களை நியூயார்க்கில் இங்கெ மோராத் என்ற புகைப்படக்காரர் படமெடுத்தார். 1950களின் கடைசியில் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த வேலை. உடையெல்லாம் அவரவருடையது, கம்பீரமாக உட்கார்ந்திருப்பார்கள். வரைந்த முகம் தட்டையானது என்பதால் ஆள் நேராகப் பார்க்கும்போதுதான் பிடிக்கும். கால்வாசி திரும்பினாலே பையின் மடிப்பு மூக்கை வெட்டும். பக்கவாட்டு ஒளி கசங்கலைக் காட்டி வரைந்த கோட்டைக் கெடுக்கும், முன்பக்கத்து மென்மையான ஒளிதான் இதற்கு. பையின் வாய் தோளில் இடித்து மேலே எழும்பாமலிருக்க இரண்டு பக்கமும் தோளளவுக்கு வளைத்து வெட்டவேண்டும். கண் துளையைக் கோட்டுக்குள் ஒளித்து, மூக்கின் கீழே மூச்சுக்கு ஒரு பிளவு விடுங்கள். எக்காரணம் கொண்டும் பாலித்தீன் பை கூடாது.

அணிபவரைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தலை முழுவதையும் மூடும் ரப்பர் முகமூடியில் ஐந்து நிமிடத்துக்குமேல் ஒருவரை வைத்திருக்காதீர்கள். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் முகமூடி இல்லாமலே சரிசெய்துவிட்டு, கடைசியில் மாட்டச் சொல்லுங்கள். பக்கப்பார்வை இருக்காது, கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. படிக்கட்டிலோ கிணற்றடியிலோ எடுத்தால் கைதொடும் தூரத்தில் ஒருவர் நிற்கவேண்டும். ரப்பர் சிலருக்கு ஒவ்வாது, தடிப்பு வரும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நெற்றியிலும் இரண்டு கன்னமேட்டிலும் உள்பக்கம் ஒரு செ.மீ. தடிமனில் ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டினால் காற்றுப் போகும், வியர்வையில் நழுவாது, கண் துளையும் கண்ணுக்கு நேராக நிற்கும். ஒருவர் கழற்றியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி அடுத்தவருக்குக் கொடுங்கள். ஒரே முகமூடி என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேருக்குமேல் முடியாது. வெயிலில் காயவைத்தால் ரப்பர் வெடிக்கும். பளபளப்புக்கென்று தேங்காய் எண்ணெய் தடவினால் சில நாளில் இளகிப் பிசுபிசுத்துவிடும், பாதி வேலையில் முகமூடி போய்விட்டால் வரிசையும் போயிற்று. முடிந்தால் அதே அச்சில் வந்த இன்னொன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள்.

முகம் தெரியாது என்பதற்காக அனுமதி கேட்காமல் விடவேண்டாம். தெரிந்தவர்கள் உடம்பை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். படங்கள் சரியாக வந்திருந்தால் தெரியாதவர்களுக்கும் அது கைகூடும்.

முதல் மூன்று பேரை எடுத்ததும் சிறிய பிரிண்ட் போட்டு, முகமூடிகளின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழே மூன்று பேரும் மூன்று பேராகத் தெரிந்தால் நான்காவது ஆளைக் கூப்பிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்