பேய்க் கதை எழுதுபவர் ஜாம்பித் தொகுப்புக்குக் கதை கொடுத்தால் தரம் இறங்கிவிடுமா?

கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உங்களிடம் யாரோ கதை கேட்டிருக்கிறார்கள், நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள், பிறகு ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் ஒரு மாதிரி சிரித்திருக்கிறார். அதே சிரிப்பு எனக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் கிடைத்தது. "ஜாம்பியா? செத்த பிறகு எழுந்து நடமாடும் பிணமா? நீங்களுமா?" என்றார். பதினோரு வருடமாகப் பேய்க் கதை எழுதுகிறேன். அதுவரை என்னை எழுத்தாளன் என்றே ஒப்புக்கொள்ளாத மனிதர், அன்றைக்கு மட்டும் என் தரம் இறங்கிவிடுமே என்று கவலைப்பட்டார்.

இறங்காது. கதை மோசமாக இருந்தால் இறங்கும், அது எந்தப் புத்தகத்தில் வந்தாலும் இறங்கும். இவ்வளவுதான் பதில். இனி வருவது என் சொந்தக் கதை, அவசரம் உள்ளவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

போன வருடம் ஒரு தொகுப்பாசிரியர் கேட்டார். மூவாயிரம் சொல்லுக்குள் இருக்க வேண்டும், ஜாம்பி கட்டாயம் வர வேண்டும், மற்றபடி உங்கள் இஷ்டம் என்றார். நான்கே இரவில் எழுதி முடித்தேன். ஒரு கட்டிடம், மாடியில் ஆறு பேர், கீழே இருநூறு ஜாம்பி, கையில் ஒரு பெட்ரோல் கேன். பக்கத்துக்குப் பக்கம் ரத்தம். எனக்கே திருப்தியாக இருந்தது. அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "சார், ஜாம்பி என்பதை எடுத்துவிட்டு வெறிநாய் என்று போட்டுப் படித்துப் பாருங்களேன்."

கோபம் வந்தது. இரண்டு நாள் பதில் போடவில்லை. (என்னைவிட வயதில் சின்னவர் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.) மூன்றாம் நாள் கணினியில் தேடி மாற்றும் வசதியைப் போட்டேன். அறுபத்தொரு இடத்தில் வெறிநாய் வந்து உட்கார்ந்தது. முதலிலிருந்து படித்தேன். கதை எங்கும் இடறவில்லை. வெறிநாய்கள் கூட்டமாக வந்தன, கதவைப் பிராண்டின, கடித்தன, கடிபட்டவனுக்கும் வெறி பிடித்தது. ஒரே ஒரு வாக்கியம்தான் தொண்டையில் சிக்கியது: "வெறிநாயின் கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. மூவாயிரம் சொல்லில் அந்த ஒரு வரியில்தான் ஜாம்பி ஜாம்பியாக இருந்தது. யாரோ ஒருவன் காலையில் எழுந்து அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியிருக்கிறான்.

நீங்களும் என்னைப் போல் பேயிலிருந்து வருபவர் என்றால் இதைக் கவனியுங்கள். பேய்க்கு ஒரு குறை உண்டு. யாரிடமோ கேட்க வேண்டிய கணக்கு பாக்கி இருக்கும், அது என்னவென்று கண்டுபிடிப்பதுதான் கதை. ஜாம்பிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனிடம் போய் "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டால் பதில் வராது. அதனால் நம்மைப் போன்றவர்கள் கைவசம் கதை இல்லாமல் கூட்டத்தைச் சேர்க்கிறோம், ரத்தத்தை ஊற்றுகிறோம். கதை முழுக்க உயிரோடு இருப்பவன் பக்கம்தான் இருக்கிறது. எழுந்து வந்தவன் அவனுக்கு யார், அவனுக்கு இவன் என்ன செய்தான் என்பதில்.

அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு யோசித்தபோது, பத்து வருடமாக நான் யோசிக்காமல் தள்ளிப்போட்டிருந்த ஒன்று வந்து நின்றது.

எழுத்து சோறு போடாது என்பதால் ஒரு நிறுவனத்தில் வருகைப்பதிவும் சம்பளக் கணக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் வேண்டாம். வாசலில் விரல்ரேகை இயந்திரம். விரல் பதிந்தால் "தேங்க் யூ" என்று ஒரு பெண் குரல் சொல்லும், பதியாவிட்டால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்". துப்புரவு வேலைக்கு ஒரு அக்கா வருவார். வருடக்கணக்காகப் பிளீச்சிங் பவுடரிலும் ஆசிட்டிலும் ஊறிய கை, ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைப்பார். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஒட்டட்டும் என்று நெற்றியில் தேய்த்துவிட்டு வைப்பார். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அக்கா ஒதுங்கி நின்று, கூட்டம் குறைந்ததும் மறுபடி ஒரு தடவை முயற்சி செய்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

ஒரு மாதம் ஒன்பது நாள் அப்படிப் பதியவில்லை. ஒன்பது நாளும் என் மேசைக்கு அடியில் துடைக்கும்போது நான் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதக் கடைசியில் ஒன்பது நாளும் வரவில்லை என்று பதிவேற்றியதும் நான்தான். "தம்பி, நான் வந்தேன்ல?" என்று கேட்டார். "சிஸ்டத்துல இல்லையேக்கா" என்றேன்.

சொன்னது அவ்வளவுதான். மேலே பேசிப் பார்த்தேனா என்றால், இல்லை. "நீ ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எனக்கும் அதே நிறுவனம்தான் சம்பளம் போட்டது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கதையில் இதைத் திருப்பிப் போட்டேன். சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒருவன், தன்னோடு வேலை பார்த்தவனின் சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வருகிறான். மறுநாள் காலை எட்டரைக்கு அந்தச் செத்தவன் வரிசையில் நிற்கிறான். விரலை வைக்கிறான். "தேங்க் யூ" என்கிறது இயந்திரம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, வேலை ஒழுங்காக நடக்கிறது, சாப்பாட்டு இடைவேளைகூட அவனுக்குத் தேவைப்படுவதில்லை. கணக்கனுக்கு இருக்கும் ஒரே கவலை, மாதக் கடைசியில் இவன் பெயரை என்ன செய்வது என்பதுதான்.

செத்த விரலை இயந்திரம் ஏற்குமா என்று கேட்பவர்களுக்கு: ஒளியால் படம் பிடிக்கும் வகை, விரலில் உள்ள கோடுகளைத்தான் பார்க்கிறது. உயிருள்ள விரலா என்று சோதிக்கும் இயந்திரங்களும் உண்டு. என் கதையில் வருவது மலிவானது, வாங்கியவர்கள் அப்படி.

எழுதும்போது சந்தேகம் வந்தது, இது ஜாம்பிக் கதைதானா என்று. எனக்குத் தெரிந்த ஜாம்பி எல்லாம் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்திலிருந்து வந்த கூட்டம். மெதுவாக நடக்கும், மனிதரைத் தின்னும், மண்டையில் அடித்தால் விழும். அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது என்பது வேறு விஷயம். கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பைத் திரும்பச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி உரிமை போயிற்று. ஊரெல்லாம் அந்த மாதிரி ஜாம்பி நடமாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் காப்பியடிப்பதாக யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். ரொமேரோவே 1954இல் வந்த ரிச்சர்ட் மாதிசனின் ரத்தக்காட்டேரி நாவலிலிருந்துதான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டவர்.

அதற்கும் முந்தைய ஜாம்பி யாரையும் கடிக்காது. அது கரீபியன் கடலில் உள்ள ஹைட்டியில் பிறந்தது. ஹைட்டி பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை வாங்கினார்கள். அடிமைக்கு இருந்த ஒரே விடுப்பு சாவுதான். செத்த பிறகும் எழுப்பி வேலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் அவர்களுடைய ஜாம்பி. அமெரிக்க ராணுவம் ஹைட்டியைக் கையில் வைத்திருந்த காலத்தில் அங்கே போன வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1929இல் எழுதிய புத்தகம்தான் அந்தச் சொல்லை வெளியே பரப்பியது. 1932இல் பெலா லுகோசி என்ற நடிகர் நடித்து வந்த படம் ஒன்றில் சர்க்கரை ஆலையைச் செத்தவர்கள் சுற்றுவார்கள். ஒருவன் தவறி அரவைக்குள் விழுவான். பக்கத்தில் இருப்பவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்த்தபோது எனக்கு அந்த வாசல் வரிசைதான் ஞாபகம் வந்தது.

சீப்ரூக் கேட்டு எழுதிய கதையில் இன்னொன்றும் வருகிறது. ஜாம்பிக்கு உப்பில்லாத சாப்பாடுதான் கொடுக்க வேண்டும். உப்பு நாக்கில் பட்டால் தாங்கள் செத்தவர்கள் என்று நினைவு வந்து, எழுந்து தங்கள் குழிக்கே நடந்துவிடுவார்கள். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?" என்று நாம் திட்டுவதும் இதே கேள்விதான். நமக்கும் உப்புதான் சொரணை. இன்னொரு பக்கம் "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று அதே உப்பால் ஆளைக் கட்டியும் போடுகிறோம். என் கணக்கனின் சட்டைப்பையில் ஒரு சின்ன உப்புப் பொட்டலம் வந்தது அப்படித்தான். முடிவைச் சொல்லமாட்டேன். பொட்டலத்தைப் பிரிக்கிறான் என்பது வரை சொல்லலாம், யார் வாயில் போடுகிறான் என்பதைப் புத்தகத்தில் பாருங்கள்.

இன்னொரு நாட்டு மக்களின் துன்பத்தை எடுத்துப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதனால்தான் கதையில் ஹைட்டி என்றோ மந்திரம் என்றோ ஒரு வார்த்தை கிடையாது, எனக்குத் தெரிந்த வாசலும் எனக்குத் தெரிந்த இயந்திரமும்தான். ஜாம்பி என்ற சொல்லும் இல்லை. ஒரே இடத்தில் "நடைப்பிணம்" என்று வரும், அதுவும் கணக்கன் தன்னைச் சொல்லிக்கொள்வதாக.

நல்லவேளையாக அந்தச் சொல்லைத் தொடவில்லை. தொகுப்பில் ஒருவர் ஜாம்பி என்று எழுதியிருக்கிறார், ஒருவர் ஜோம்பி, இன்னொருவர் ஸாம்பி. ஒருமைப்படுத்த வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெய்ப்புப் பார்த்தவருக்குக் கிரந்த எழுத்து ஆகாதாம். எல்லாவற்றையும் "சோம்பி" ஆக்கிவிட்டார். "கதவைத் திறந்தால் வாசலில் ஒரு சோம்பி படுத்திருந்தது" என்று அச்சாகியிருக்கிறது. ஔவையார் "சோம்பித் திரியேல்" என்று அன்றைக்கே எச்சரித்துவிட்டார் என்று வாசகர் ஒருவர் கேலி செய்தார், நான் என்ன பதில் சொல்ல? தனித்தமிழுக்கு நான் எதிரி கிடையாது. நடைப்பிணம் என்ற முழுத் தமிழ்ச் சொல் சும்மாதானே கிடக்கிறது, அதை எடுத்துப் போட்டிருக்கலாமே என்றுதான் கேட்கிறேன். புத்தக அட்டையை வேறு ஆள் செய்ததால் அங்கே மட்டும் ஜாம்பி பிழைத்துக்கொண்டது, மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும் கையோடு. என் கதையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, அது தனி வருத்தம். எழுதியவருக்கு ஒரே ஒரு பிரதி கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன், நீங்கள் முதலிலேயே எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கதைக்குள் மாற்ற எதுவும் கிடைக்காததால் தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன். புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் பக்கத் தலைப்பைப் பார்த்தேன். செத்த பிறகும் ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் எட்டரைக்கு வந்து விரல் வைக்கிறவனின் கதைக்கு மேலே, பதினான்கு பக்கத்திலும், "சோம்பிக் கதைகள்".