மோஷன் சென்சர் கேள்வி பதில்: முதலில் மீற்றர் கோலை எடுங்கள்

பள்ளிக்கூடச் செய்முறைக்கு மோஷன் சென்சர் பூட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, என் வகுப்பில் செய்து பார்த்ததை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

சேர், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மோஷன் சென்சர் என்று கேட்டு வாங்கினேன். கை அசைத்தால் விளக்கு எரிகிறது, தூரம் மட்டும் வரவில்லை. பழுதா? (ஆசிரியை, வெள்ளவத்தை)

பழுதில்லை ரீச்சர். வெள்ளைக் குமிழ் மூடி போட்டதுதானே? அது பிஐஆர், உடம்பின் வெப்பக் கதிரில் வரும் மாற்றத்தைப் பார்த்து ஆள் அசைகிறாரா என்று மட்டும் சொல்லும். உங்களுக்கு வேண்டியது இரண்டு கண் வைத்த அல்ட்ராசொனிக் சென்சர். கடையில் எச்.சி-எஸ்.ஆர்04 (HC-SR04) என்று இலக்கத்தைச் சொல்லியே கேளுங்கள். ஒரு கண் 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியை வாங்கும். 4 மீற்றர் வரை அளக்கும் என்பார்கள், வகுப்பில் 2 மீற்றருக்குள் வைத்தால் நிம்மதி.

சுவரிலிருந்து சரியாக 1 மீற்றரில் வைத்தேன், 98.7 செ.மீ காட்டுகிறது சேர். (உயர்தர மாணவன், பொரளை)

தம்பி, நீங்கள் கோல் வைத்து அளந்து பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அநேகமானோர் இதைச் செய்யாமலே வரைபு கீறப் போய்விடுகிறார்கள். புரோகிராமில், ஒலி போய்த் திரும்பி வர எடுத்த மைக்ரோசெக்கனை 58 ஆல் வகுத்துச் செ.மீ ஆக்கியிருப்பீர்கள். அந்த 58, ஒலியின் வேகம் செக்கனுக்கு 345 மீற்றர் அளவில் என்று வைத்துப் போட்டது. ஏசி இல்லாத கொழும்பு வகுப்பறையில் 30 பாகை என்றால் வேகம் 349.5 கிட்ட வரும் (வெப்பநிலையை 0.606 ஆல் பெருக்கி 331.3 ஐக் கூட்டிப் பாருங்கள்), அதனால் எதிரொலி 5722 மைக்ரோசெக்கனிலேயே வந்துவிடுகிறது, அதை 58 ஆல் வகுத்தால் உங்கள் 98.7 தான். 57.2 ஆல் வகுங்கள். அப்புறம் 50, 100, 150 செ.மீ மூன்றிலும் பாருங்கள்: தூரத்தோடு சேர்ந்து பிழையும் கூடினால் வேகத்தில் பிழை, மூன்றிலும் ஒரே அளவு என்றால் கோலின் பூச்சியத்தை வைத்த இடம் பிழை.

சாய்தளத்தில் ட்ரொலி விட்டால் தூர வரைபு நன்றாக வருகிறது, ஆர்முடுகல் வரைபு ஒரே பற்கள். (ஆசிரியர், கொட்டாஞ்சேனை)

இதில்தான் பிள்ளைகள் மனம் விட்டுப்போகிறார்கள். 60 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை அளக்கும்போது தூரத்தில் 3 மி.மீ தடுமாறினாலே வேகத்தில் செக்கனுக்கு 5 செ.மீ குதிக்கும், அதை மறுபடி நேரத்தால் வகுக்க ஆர்முடுகலில் அது செக்கனின் வர்க்கத்துக்கு 80 செ.மீக்கும் மேலே போய்விடும், சாய்தளத்தின் உண்மையான ஆர்முடுகலே சிலவேளை அவ்வளவுதான். ஆகவே அந்த வரைபை விட்டுவிட்டு, ட்ரொலியை ஓய்விலிருந்து விட்டு, தூரத்தை நேரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் கீறுங்கள், வரும் கோட்டின் சரிவின் இரண்டு மடங்கு ஆர்முடுகல். ட்ரொலியின் பின்னால் ஒரு காட்போட் தகடு நிமிர்த்தி ஒட்டுங்கள். ஒலி ஒரு கூம்பாக விரிந்து போவதால் பலகையின் விளிம்பும் எதிரொலி தரும், சென்சரைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள்.

சென்சரைத் தரையில் வைத்துப் பந்தை மேலிருந்து விட்டால் இடைக்கிடை 250 செ.மீ என்று வருகிறது.

மேலே மின்விசிறி இருக்கிறதா? பந்து கூம்பை விட்டு விலகிய நேரம் சென்சர் விசிறியின் தட்டைத்தான் பார்க்கிறது. இடத்தை மாற்றுங்கள்.

ஆறு குழுவும் ஒரே நேரத்தில் செய்யலாமா?

ஒன்றையொன்று பார்க்காத மாதிரி, எல்லாம் ஒரே திசைக்குத் திருப்பி, நல்ல இடைவெளி விட்டு வைத்தால் செய்யலாம். எல்லாமே அதே 40 கிலோஹேர்ட்ஸ், பக்கத்து மேசையின் எதிரொலி எது, தன்னுடையது எது என்று சென்சருக்குத் தெரியாது. என் வகுப்பில் மூன்று குழு அளக்கும், மூன்று குழு வரைபு கீறும், பிறகு மாறிக்கொள்வோம்.