ஓடுகிற மகள், படுத்திருக்கிற அப்பா: கேள்வி பதில்

பெற்றோரின் மனச்சோர்வைப் பற்றிய சிறுவர் நாவல்கள் குறித்து நீங்கள் கேட்டவை. கதைகளைத் திருத்துவது என் வேலை, அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் கதையில் மகள் 400 மீட்டர் ஓட்டத்தில் ஜெயிக்கிறாள். அதைப் பார்த்து அப்பா மனச்சோர்விலிருந்து மீள்கிறார். முடிவு சரிதானே?

பதில்: சரியில்லை. இதைப் படிக்கிற பிள்ளையின் வீட்டிலும் ஒருவர் அப்படிப் படுத்திருக்கலாம். 'நான் தோற்றதால்தான் அப்பா எழவில்லை' என்று அது கணக்குப் போட்டுவிடும். பிள்ளைகள் ஏற்கெனவே பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறவர்கள். மகள் ஜெயிக்கட்டும். வீட்டுக்கு வரும்போது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "நல்லா ஓடினியா?" என்று திரும்பாமல் கேட்கட்டும். அவள் பதக்கத்தைக் கழற்றி ஷூவுக்குள் திணிக்கிறாள். அந்தக் காட்சியை அவசரப்படாமல் ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: அப்பா எப்போதும் அழுதுகொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: அழவே வேண்டாம். பலருக்கு எரிச்சல்தான் முன்னால் வரும். தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெடும், குளிப்பதே பெரும்பாடாகிவிடும். இப்படி இரண்டு வாரமாவது நீடிக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. போட்டிக்கான படிவம் கையெழுத்தில்லாமல் நான்காவது நாளும் அதே இடத்தில் கிடப்பதுதான் தெரியும்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்ட மறுநாளே சிரிக்கிறார் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.

கேள்வி: ஓட்டம் வெறும் பின்னணிதானே, விவரம் எதற்கு?

பதில்: துப்பாக்கி வெடித்து 0.1 வினாடி ஆவதற்குள் கிளம்பினால், பெரிய போட்டிகளில் அது தவறான தொடக்கம். வீட்டில் கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிப்போடும் பிள்ளை, கோட்டில் எப்படிக் காத்திருப்பாள்? இவ்வளவு நல்ல விஷயத்தையா விடப் பார்த்தீர்கள்?

கேள்வி: எனக்கு 12 வயது. எங்கள் அம்மாவும் அப்படித்தான். வெளியே சொல்லாதே என்கிறார்.

பதில்: தம்பி, பயிற்சியாளரோ ஆசிரியரோ சொந்தக்காரரோ, நீ நம்புகிற ஒரு பெரியவரிடம் சொல். அது அம்மாவைக் காட்டிக்கொடுப்பது இல்லை. சாக வேண்டும் என்று அம்மா பேசினால், நடுராத்திரி ஆனாலும் உடனே யாரையாவது எழுப்பு. அப்புறம், பயிற்சியை விட்டுவிடாதே. அம்மா படுத்திருக்கும்போது நீ ஓடப் போவதில் தப்பே இல்லை.